காமன் லிஸ்ப் எழுத எந்த எடிட்டர்?

காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கான எஸ்பிசிஎல் கம்பைலரை இன்ஸ்டால் செய்து டெர்மினலில் திறப்பவர்களுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே ஓர் எரிச்சல் காத்திருக்கிறது. ஒரு நட்சத்திரக் குறி வந்து நிற்கும். (+ 1 2) என்று அடித்தால் 3 வரும். சரி, நல்லது. முந்தைய வரியைத் திருத்தலாம் என்று மேல் அம்புக்குறியை அழுத்தினால் அந்த வரி வராது. கூரைக்குறியும் சதுர அடைப்புமாக ஏதோ வந்து விழும். ஒரு பெயரைத் தப்பாக அடித்துவிட்டால் இன்னும் மோசம். பிழையை ஆராயும் டீபக்கர் திறந்துகொண்டு 0] என்று நிற்கும். அதற்குள் இன்னொரு பிழை செய்தால் 0[2], அப்புறம் 0[3]. எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் டெர்மினலையே மூடிவிட்டு, லிஸ்பையும் அத்தோடு மூடிவிட்டுப் போனவர்கள் உண்டு.

ஆர்எல்ராப் என்ற சின்னக் கருவியைச் சேர்த்தால் அம்புக்குறி வேலை செய்யத் தொடங்கும். ஆனால் டெர்மினலில் வெறுமனே ஓட்டும் லிஸ்ப், லிஸ்பின் பாதி ருசியைக்கூடக் காட்டாது. நல்ல எடிட்டர் ஒன்று வேண்டும். எது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

இங்கே நான் காமன் லிஸ்பை மனதில் வைத்துப் பேசுகிறேன். கம்பைலர் எஸ்பிசிஎல் என்று வைத்துக்கொள்வோம்: இலவசம், வேகமானது, லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். ராக்கெட், குளோஷர் என்று வேறு லிஸ்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தீர்ப்பு மாறும். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது?

எடிட்டர் சண்டை என்றாலே தீம், நிறம், திறக்கும் வேகம் என்று பேச்சு போகும். லிஸ்பில் இவையெல்லாம் இரண்டாம்பட்சம். பைத்தானோ சியோ எழுதும்போது எடிட்டர் என்பது கோப்பை எழுதும் இடம். நிரல் வேறெங்கோ ஓடும். ஏதாவது மாற்றினால் அதை நிறுத்தி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். லிஸ்பில் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். எழுதிய ஃபங்ஷன்கள், மாறிகள், அதுவரை ஏற்றிய தரவு எல்லாம் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். இதை இமேஜ் என்பார்கள். கோப்பில் ஒரே ஒரு ஃபங்ஷனைத் திருத்தி, அதை மட்டும் அந்த இமேஜுக்குள் அனுப்பலாம். மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கும்.

லிஸ்ப்காரர்கள் இதற்குப் பெருமையோடு சொல்லும் கதை 1999-இல் நடந்தது. நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தைத் தானாக இயக்கிப் பார்க்க ஏற்றியிருந்த 'ரிமோட் ஏஜென்ட்' மென்பொருள் லிஸ்பில் எழுதப்பட்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் கலம் பறந்துகொண்டிருந்தபோது அது ஓரிடத்தில் முடங்கியது. ஓடிக்கொண்டிருந்த அமைப்புக்குள்ளேயே பூமியிலிருந்து எட்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நமக்கு விண்கலம் தேவையில்லை. ஆனால் ஓடுகிற நிரலுக்குள் கையை விடும் அந்த வசதிதான் லிஸ்பைத் தேடி வருவதற்கே காரணம். அதை நம் விரல்நுனிக்குக் கொண்டுவருவது எடிட்டரின் வேலை.

ஆகவே மூன்றைப் பார்த்தால் போதும். கர்சர் நிற்கும் ஃபங்ஷனை உடனே இமேஜுக்கு அனுப்ப முடிகிறதா? பிழை வந்தால் என்ன காட்டுகிறது? அடைப்புக்குறிகளை யார் எண்ணுவது? முதல் வேலையை எல்லா எடிட்டரும் ஏதோ ஓர் அளவுக்குச் செய்துவிடும். இரண்டாவதில்தான் பலவற்றின் சாயம் வெளுக்கிறது.

பிழை வரும்போது என்ன நடக்கிறது

ஒரு கடையின் ரசீதுகள் அடங்கிய பெரிய கோப்பை வரிவரியாகப் படித்து மொத்தத் தொகை போடும் நிரல் என்று வையுங்கள். தள்ளுபடி உள்ள ரசீது வந்தால் 'தள்ளுபடி' என்ற ஃபங்ஷனை அழைக்கும்படி எழுதியாயிற்று. அந்த ஃபங்ஷனை மட்டும் இன்னும் எழுதவில்லை. கம்பைல் செய்யும்போது எஸ்பிசிஎல் ஓர் எச்சரிக்கை கொடுக்கும், அவ்வளவுதான், தடுக்காது. ஓட்டினால், முதல் தள்ளுபடி ரசீது எங்கோ நடுவில் வரும், அந்த வரியில் போய் நிற்கும்.

ஈமாக்ஸ் என்ற எடிட்டரில், லிஸ்புக்கென்று அதோடு சேர்க்கும் ஸ்லைம் என்ற நீட்சி வழியாக இதை ஓட்டியிருந்தால் உடனே ஒரு புது பஃபர் (எடிட்டருக்குள் ஒரு பக்கம்) திறக்கும். மேலே பிழை என்னவென்று இருக்கும்: இந்தப் பெயரில் ஃபங்ஷன் இல்லை. அதன் கீழே எண் போட்ட வழிகள். 0 என்றால் மறுபடி அழைத்துப் பார். 1 என்றால் வேறொரு ஃபங்ஷனை அழை. 2 என்றால் நான் கொடுக்கும் மதிப்பை வைத்துக்கொண்டு மேலே போ. 3 என்றால் மதிப்பு எதுவும் இல்லாமலே போ. அதற்கடுத்து, மொத்தத்தையும் மறுபடி தொடங்கு, அல்லது கைவிடு. இவற்றுக்கும் கீழே ஸ்டேக்: எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்ற வரிசை. அதில் ஒரு வரிமேல் கர்சரை வைத்து என்டர் தட்டினால் அந்த நேரத்தில் மாறிகளில் என்னென்ன இருந்தன என்று விரியும். 'வி' எழுத்தை அழுத்தினால் மூலக் கோப்பில் அந்த இடத்தையே திறந்து காட்டும். 'ஈ' அழுத்தினால் அந்த ஃபங்ஷனுக்குள் இருந்தபடியே எதையாவது கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நிரல் சாகவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. கோப்புக்குப் போய், 'தள்ளுபடி' ஃபங்ஷனை எழுதி, கண்ட்ரோல்-சி இருமுறை. அது இமேஜுக்குள் போய்விட்டது. டீபக்கருக்குத் திரும்பி 0 அழுத்தினால், நின்ற அதே வரியிலிருந்து கணக்கு தொடரும். அதற்கு முன் படித்த வரிகளை மறுபடி படிக்காது. கோப்பு சிறியதென்றால் இதில் என்ன லாபம் என்று தோன்றலாம். அரைமணி நேரம் ஓடிய பிறகு வரும் பிழையில் ஒருமுறை இதைச் செய்து பார்த்தவர்கள் மற்ற மொழிகளின் டீபக்கரைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள்.

இந்த வழிகளையெல்லாம் தருவது லிஸ்ப்தான், எடிட்டர் இல்லை என்பது உண்மை. டெர்மினலில் பயமுறுத்திய அந்த 0] கூட இதே பட்டியலுடன்தான் வருகிறது. ஆனால் டெர்மினலில் மூலக் கோப்புக்குத் தாவ முடியாது, மாறிகளைப் பார்க்கத் தனிக் கட்டளை அடிக்க வேண்டும், ஃபங்ஷனைத் திருத்தி அனுப்பக் கையால் ஒட்ட வேண்டும். வசதி இருந்தும் கை எட்டாது. அந்த எட்டும் தூரத்தை வைத்துத்தான் நான் எடிட்டர்களை அளக்கிறேன்.

ஈமாக்ஸ்: இரண்டு வழி, ஒரே கஷ்டம்

ஈமாக்ஸ் 1976-இல் எம்ஐடியில் பிறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் குனு ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி எழுதப்பட்டிருப்பதே ஒரு வகை லிஸ்பில்தான். அதனால் காமன் லிஸ்புக்கு இது பொருத்தம் என்று சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு முக்கியமான காரணமாகப் படவில்லை. ஈமாக்ஸ் லிஸ்ப் வேறு, காமன் லிஸ்ப் வேறு. ஒன்றைப் பழகினால் மற்றொன்று தானாக வந்துவிடாது. உண்மையான காரணம் ஸ்லைம்.

ஸ்லைம் 2003-இல் தொடங்கியது. அதை உருவாக்கியவர்கள் ஒரு நல்ல முடிவெடுத்தார்கள்: வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஈமாக்ஸ் பக்கம் ஒரு பாதி. லிஸ்ப் பக்கம் ஸ்வாங்க் என்ற இன்னொரு பாதி. இமேஜுக்குள் உட்கார்ந்துகொண்டு, 4005 என்ற போர்ட்டில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். எடிட்டர் கேட்பதை ஸ்வாங்க் செய்து பதில் அனுப்பும். இப்படிப் பிரித்ததால் பின்னாளில் விம் என்ற எடிட்டரைப் பயன்படுத்துபவர்களும் ஸ்வாங்கோடு பேச முடிந்தது. கீழே வரும் பல எடிட்டர்கள் வெளியில் வேறாகத் தெரிந்தாலும் உள்ளே ஓடுவது இதே எந்திரம்தான்.

ஈமாக்ஸில் இரண்டாவது வழி ஸ்லை என்ற நீட்சி; அதுவும் ஸ்லைமிலிருந்து பிரிந்து வந்ததே. இரண்டுக்கும் ஷார்ட்கட்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்லையில் நிறைய வசதிகள் தொடக்கத்திலிருந்தே இயங்கும். பெயரின் நடுவிலிருந்து நாலு எழுத்து அடித்தாலும் ஊகித்துக்கொள்ளும். அதில் 'ஸ்டிக்கர்' என்று ஒன்று உண்டு: நிரலில் ஓர் இடத்தில் ஒட்டிவிட்டால், நிரல் ஓடும்போது அந்த இடத்தில் வந்த மதிப்புகளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆங்காங்கே பிரின்ட் போட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஸ்லைமின் பலம் வேறு. புத்தகங்களும் பயிற்சிப் பாடங்களும் அதை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன; லிஸ்ப் நூலகங்களை இறக்கித் தரும் குயிக்லிஸ்ப் மூலமாகவே அதை நிறுவிவிடலாம்; மற்ற எடிட்டர்களும் பேசுவது ஸ்வாங்கோடு. புதிதாகத் தொடங்குபவர் எதை எடுத்தாலும் நஷ்டமில்லை. நானாக இருந்தால் ஸ்லை. இரண்டையும் ஒரே ஈமாக்ஸில் சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கஷ்டம் ஈமாக்ஸிலேயே இருக்கிறது. காப்பி செய்யக் கண்ட்ரோல்-சி என்று பழகிய கை, இங்கே அதை அழுத்தினால் ஈமாக்ஸ் 'அப்புறம்?' என்று காத்துக்கொண்டிருக்கும். கோப்பைத் திறக்க ஒரு கோர்வை, சேமிக்க ஒரு கோர்வை. கண்ட்ரோலைச் சுண்டுவிரலால் அழுத்தி அழுத்தி விரல் நோகும். இதற்கு மருந்து, கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்வது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் முடியும், ஈமாக்ஸை விட்டுவிட்டாலும் இதை விடமாட்டீர்கள். எங்கே மாட்டிக்கொண்டாலும் கண்ட்ரோல்-ஜி அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். கண்ட்ரோல்-எச் அழுத்தி 'டி' (t) தட்டினால் உள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. அதை ஒருமுறை முழுதாகச் செய்துவிடுங்கள். பலர் அதைத் தாண்டிப் போய்த்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிறுவும் வேலை பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஈமாக்ஸ், எஸ்பிசிஎல் இரண்டையும் போட வேண்டும். ஈமாக்ஸின் பேக்கேஜ் பட்டியலில் மெல்பா என்ற நீட்சிக் களஞ்சியத்தைச் சேர்த்து ஸ்லையை இறக்க வேண்டும். எந்த லிஸ்பை ஓட்டுவது என்று அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. முடிந்தது. இதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர்களுக்காக போர்டக்கிள் என்று ஈமாக்ஸ், எஸ்பிசிஎல், குயிக்லிஸ்ப், ஸ்லைம், கிட் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் பதிப்புகள் பழையவை. ஒரு வாரம் ருசி பார்க்கச் சரி, அதிலேயே குடியேற வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவரின் முந்நூறு வரி அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வது அதைவிட மோசம். ஏதாவது ஒன்று வேலை செய்யாதபோது எந்த வரியால் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

அடைப்புக்குறிப் பஞ்சாயத்து

லிஸ்ப் என்றதும் எல்லோரும் கேட்பது, இத்தனை அடைப்புக்குறியை எப்படிச் சமாளிப்பது என்றுதான். பதில்: எண்ணவே கூடாது. பாரெடிட் என்ற சின்ன நீட்சியைப் போட்டுவிட்டால் திறக்கும் அடைப்பை அடித்ததும் மூடும் அடைப்பும் தானே வரும்; ஒன்றை மட்டும் அழிக்கவும் விடாது. இதைவிடப் பெரிய வேலையும் செய்யும். (+ 1 2) 3 என்று இருக்கிறது, 3 உள்ளே வர வேண்டும். அடைப்பை அழித்து வேறிடத்தில் அடிக்க வேண்டியதில்லை. கர்சரை அடைப்புக்குள் வைத்துக்கொண்டு கண்ட்ரோலுடன் வலது அம்புக்குறி. (+ 1 2 3) ஆகிவிடும். இடது அம்புக்குறியை அழுத்தினால் 3 மறுபடி வெளியே வந்துவிடும். கொஞ்ச நாளில் எழுத்து எழுத்தாகத் திருத்துவது போய், அடைப்புக்குள் இருக்கும் முழுத் துண்டையும், அதாவது கோவை கோவையாகத் தூக்கி வைக்கும் பழக்கம் வந்துவிடும்.

முதல் இரண்டு நாள் பாரெடிட் கையைக் கட்டிப் போட்டதுபோல் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழிக்க நினைத்தது அழியாது. அது பிடிக்காதவர்களுக்குப் பாரின்ஃபர் இருக்கிறது: வரியை உள்ளே தள்ளினால் அதற்கேற்ப அடைப்புக்குறிகளைத் தானே மாற்றிக்கொள்ளும். பைத்தான் பழகிய கைக்கு இது இதமாக இருக்கும். இரண்டில் ஏதோ ஒன்று, அல்லது அவற்றின் உறவுக்காரர் ஒன்று, விம்முக்கும் விஎஸ் கோடுக்கும் கிடைக்கிறது. ஆகவே இதை வைத்து எடிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வானவில் நிறத்தில் அடைப்புக்குறிகளைக் காட்டும் நீட்சியும் எங்கும் உண்டு. பார்க்க அழகு, அதற்குமேல் ஒன்றுமில்லை. லிஸ்பைப் படிப்பவர் வரிகள் உள்தள்ளியிருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் படிக்கிறார்.

விம் பழகியவர்கள்

விம்மில் வருடக்கணக்காக வாழ்ந்தவரிடம் ஈமாக்ஸுக்குப் போ என்றால் கேட்கமாட்டார். கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 'விம்-ஸ்லைம்' என்று ஒரு ப்ளகின் இருக்கிறது. அதற்கும் ஸ்லைமுக்கும் சம்பந்தம் பெயரில் மட்டும்தான். விம்மில் தேர்ந்தெடுத்த உரையை டீமக்ஸிலோ வேறு டெர்மினலிலோ கொண்டுபோய் ஒட்டும், அவ்வளவே. பிழை வந்தால் அதே பழைய 0] தான். இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதுதானா லிஸ்பின் பெருமை என்று கேட்பவர்கள் மேல் தப்பில்லை.

ஸ்வாங்கோடு உண்மையாகப் பேசுபவை ஸ்லிம்வி, வ்லைம் இரண்டும். ஸ்லிம்வி பழையது, கூடவே பாரெடிட்டும் வரும். பைத்தான் சேர்த்துக் கட்டிய விம் அதற்கு வேண்டும். வ்லைம் லிஸ்ப் பக்கத்தில் தன் சொந்த இடையாளை வைத்து ஸ்வாங்கோடு பேசுகிறது. இரண்டிலும் டீபக்கர், வழிகளின் பட்டியல், மாறிகளை விரித்துப் பார்ப்பது எல்லாம் உண்டு. ரசீதுக் கதையை இவற்றிலும் அப்படியே நடத்தலாம். நியோவிம் வைத்திருப்பவர்களுக்குக் கான்ஜர் இன்னொரு வழி. அது ஃபெனல் என்ற லிஸ்ப் மொழியிலேயே எழுதப்பட்டது. குளோஷர், ராக்கெட், ஸ்கீம் என்று பல மொழிகளை ஒரே விதமாகக் கையாளும். கோவையை அனுப்பி விடையைப் பக்கத்திலேயே பார்ப்பது அதில் சுகமாக இருக்கிறது. ஆனால் அதன் பலம் குளோஷர். காமன் லிஸ்ப் டீபக்கருக்கென்றே யாரும் அதைத் தேடிப் போகமாட்டார்கள்.

இந்த ப்ளகின்கள் ஒருவர் இருவர் கையில் நிற்பவை. ஸ்லைமைப் பயன்படுத்துபவர்கள் அதிகம் என்பதால் பிழைகள் சீக்கிரம் கண்ணில் படும்; இங்கே அப்படி எதிர்பார்க்க முடியாது. அதனால் விம்காரர்களில் பலர் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள்: ஈமாக்ஸுக்குள் ஈவில். விம்மின் அசைவுகள் ஏறக்குறைய முழுதாக அதில் வந்துவிடும். டூம் ஈமாக்ஸ் போன்றவை ஈவிலோடு சேர்ந்தே வருகின்றன. ஒரே ஒரு தொந்தரவு, ஸ்லைமின் டீபக்கர் ஒற்றை எழுத்துகளால் ஓடுவது. 'வி' என்றால் அங்கே மூலத்தைக் காட்டு; விம்மில் உரையைத் தேர்ந்தெடு. இரண்டும் மோதும். ஈவில்-கலெக்ஷன் என்ற தொகுப்பு இதற்கு மாற்று விசைகளைத் தருகிறது. ஆனால் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் விசைகள் அப்போது பொருந்தாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் சரி.

விஎஸ் கோட்

இன்று நிரல் கற்கும் பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான். இதற்கு அலைவ் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. ஸ்வாங்கை நம்பாமல் தனக்கென்று லிஸ்பில் ஒரு மொழிச் சேவையகத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. கோவையை அனுப்புவது, பெயரை முடித்துக் கொடுப்பது, ரெப்பிள் (கோவையை அடித்தால் உடனே விடை காட்டும் இடம்), பிழை வந்தால் வழிகளைக் காட்டும் பலகம், பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் இருக்கிறது. புது எடிட்டர் கற்காமல் புது மொழி கற்கலாம் என்பது சின்ன லாபம் இல்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கி இரண்டையும் கைவிட்டவர்களைப் பார்த்தால் அது புரியும்.

குறை எங்கே? ஆழம் போதவில்லை. ஒரு ஃபங்ஷனை யார் யாரெல்லாம் அழைக்கிறார்கள் என்று தேடுவது, மேக்ரோவை (நிரலை எழுதித் தரும் நிரல்) ஒரு படி மட்டும் விரித்து, அதற்குள் இன்னொன்றை அந்த இடத்திலேயே விரிப்பது, டீபக்கருக்குள் நின்றபடி ஸ்டேக்கின் எந்தப் படியிலும் கணக்கிடுவது போன்றவற்றில் ஸ்லைமும் ஸ்லையும் இருபது வருடப் பழக்கத்தில் மெருகேறியவை. அலைவ் வளர்ந்துகொண்டிருக்கிறது. தொடங்கும்போது சேவையகம் கிளம்பாமல் அடம் பிடித்தால் எங்கே பார்ப்பது என்று புதியவருக்குத் தெரியாது. பெரும்பாலும் எஸ்பிசிஎல் பாதை சரியில்லாததுதான் காரணமாக இருக்கும். லிஸ்ப் நமக்கு ஒத்துவருமா என்று இரண்டு மூன்று வாரம் பார்க்க இதையே நான் சொல்வேன். வேலையாக லிஸ்ப் எழுதப்போகிறவருக்குச் சொல்லமாட்டேன்.

காசு கொடுத்து வாங்குவது

லிஸ்ப்வொர்க்ஸ், அலெக்ரோ என்று வணிக ரீதியான லிஸ்ப்கள் இரண்டு இன்றும் விற்பனையில் இருக்கின்றன. லிஸ்ப்வொர்க்ஸில் எடிட்டர், டீபக்கர், பொருள்களைப் பார்க்கும் கருவி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. எதையும் எதோடும் இணைக்க வேண்டியதில்லை. அதன் எடிட்டரும் ஈமாக்ஸ் விசைகளைப் புரிந்துகொள்ளும். தனிநபர் பதிப்பு இலவசம், ஆனால் கட்டுப்பாடுகளோடு: நினைவக அளவுக்கு ஒரு வரம்பு, ஐந்து மணி நேரத்துக்குமேல் ஒரே அமர்வில் ஓடாது, தனியாக ஓடும் நிரலாகக் கட்டவும் முடியாது. ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து, கருவிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க நல்ல இடம். சன்னல், பொத்தான் வைத்த மென்பொருளை லிஸ்பில் விற்கும் நிறுவனங்களுக்கு இதன் விலை நியாயமாக இருக்கலாம். கற்பவருக்கு அவசியமில்லை.

லெம் என்று இன்னொன்று. காமன் லிஸ்பிலேயே எழுதப்பட்ட எடிட்டர், அதுவும் இலவசம். ஈமாக்ஸில் எடிட்டரின் மொழி ஒன்று, நாம் எழுதும் மொழி வேறு. லெமில் இரண்டும் ஒன்றே: எடிட்டரை மாற்றியமைக்க எழுதும் ஃபங்ஷனும் நம் நிரலின் ஃபங்ஷனும் ஒரே காமன் லிஸ்ப். ஸ்வாங்கிலிருந்து கிளைத்த ஒன்றை உள்ளே வைத்திருப்பதால் ஸ்லைம் பழகியவருக்கு அந்நியமாக இருக்காது. விம் போன்ற விசைகள் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் லிஸ்ப் தவிர மற்ற வேலைகளுக்கு ஈமாக்ஸில் உள்ள நீட்சிகளின் கடலோடு இதை ஒப்பிட முடியாது. இரண்டாவது எடிட்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு லிஸ்ப் என்றால்

ராக்கெட் கற்கிறவர் இதுவரை படித்ததையெல்லாம் மறந்துவிட்டு டாக்டர்ராக்கெட்டைத் திறக்கலாம். ராக்கெட்டோடு சேர்ந்தே இறங்கும். மேலே நிரல், கீழே ரெப்பிள், நடுவில் ஒன்றுமில்லை. ஒரு பெயர்மேல் சுட்டியை வைத்தால் அது எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கெல்லாம் பயன்படுகிறது என்று அம்புகள் வரும். மாணவர்களுக்கென்று படிப்படியான மொழிநிலைகளும் உண்டு. குளோஷர்காரர்களுக்கு நிலைமை இன்னும் வளம்: ஈமாக்ஸில் சைடர், விஎஸ் கோடில் கால்வா, இன்டெல்லிஜேயில் கர்சிவ். மூன்றும் நல்லவை. அங்கே விஎஸ் கோடைப் பற்றி நான் மேலே சொன்ன குறை பொருந்தாது. கால்வா நன்றாகப் பழுத்துவிட்டது. ஸ்கீமுக்கு ஈமாக்ஸில் கீசர்.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள்

எஸ்பிசிஎல் யூனிகோடை முழுதாக ஏற்கும். உரைச்சரங்கள் மட்டுமில்லை, ஃபங்ஷனின் பெயரே தமிழில் இருக்கலாம். மேலே 'தள்ளுபடி' என்று எழுதியதை அப்படியே நிரலிலும் எழுதினால் ஓடும். பிரச்சினை திரையில்தான். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். டெர்மினலுக்குள் ஓடும் விம் இதில் ஒன்றும் செய்ய முடியாது. ஈமாக்ஸைத் தனிச் சன்னலாகத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து அது ஹார்ஃபஸ் என்ற நூலகத்தைக் கொண்டு எழுத்துகளைக் கோக்கிறது. தமிழ் உள்ளீட்டு முறைகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. விஎஸ் கோடிலும் தமிழ் சரியாகத் தெரிகிறது. எதிலும் ஒன்று மட்டும் மிச்சமிருக்கும்: தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் அமைவதில்லை என்பதால், தமிழ்ப் பெயர் உள்ள வரிக்குக் கீழே வரும் வரிகளின் உள்தள்ளல் சற்று நகர்ந்து தெரியும். நிரலுக்குப் பாதிப்பில்லை, கண்ணுக்குத்தான்.

சரி, என்ன செய்வது?

லிஸ்ப் என்றால் என்ன என்று பார்க்க வந்தவர், கையில் விஎஸ் கோட் இருந்தால் அலைவ் போட்டுக்கொள்ளட்டும். மேக்ரோக்களும், பிழையைக் கையாளும் கண்டிஷன்களும் பிடித்துப்போய், இதில் ஏதாவது பெரிதாக எழுதலாம் என்று தோன்றும் நாளில் ஈமாக்ஸும் ஸ்லையும். விம் கை உள்ளவர் முதலில் வ்லைமைப் பார்க்கட்டும். அது போதவில்லை என்றால் ஈவில். முதல் நாளே ஈமாக்ஸ் என்று முடிவெடுத்தவர் அதன் நூற்றுக்கணக்கான விசைகளைக் கண்டு மலைக்க வேண்டாம். ஃபங்ஷனை அனுப்பக் கண்ட்ரோல்-சி இருமுறை, முழுக் கோப்பையும் ஏற்றக் கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-கே, ரெப்பிளுக்குத் தாவக் கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-இசட், ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது என்று பார்க்க ஆல்ட்டும் புள்ளியும், அங்கிருந்து திரும்ப ஆல்ட்டும் காற்புள்ளியும். இந்த ஐந்தை வைத்தே மாதக்கணக்கில் ஓட்டலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முடிவெடுக்கும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதுவது வலைச் சேவையாக இருந்தால், அது கடைசியில் எங்கோ ஒரு சர்வரில் போய் உட்காரும். அங்கேயும் ஸ்வாங்கை ஏற்றி வைத்தால், உங்கள் மேசையிலிருக்கும் ஈமாக்ஸின் ஸ்லைம், சர்வரில் ஓடும் இமேஜோடு பேசும். சேவையை நிறுத்தாமலே ஒரு ஃபங்ஷனைத் திருத்தலாம். ஆனால் ஸ்வாங்கின் போர்ட்டைத் தொட்டவர் அந்த லிஸ்பில் எதை வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். வெளியுலகுக்கு அதைத் திறந்துவிடவே கூடாது. இயல்பாக அது அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, எஸ்எஸ்எச் சுரங்கம் (மறையாக்கிய இணைப்பு) வழியாக 4005-ஐ உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து, அதோடு இணையுங்கள். சர்வரில் உள்ள ஸ்வாங்கும் உங்கள் ஸ்லைமும் வேறு வேறு பதிப்பாக இருந்தால், தொடரவா என்று இணைக்கும்போதே கேட்கும். ஆம் என்று சொல்லிச் சமாளிப்பதைவிட இரண்டையும் ஒரே பதிப்பாக்கிவிடுவது நல்லது.